சொன்னவரும் எழுதியவரும்
கி.பி. 1325-இல், 21 வயதில், ஹஜ்ஜை நாடி மொராக்கோவின் டாஞ்சியர் நகரிலிருந்து புறப்பட்டவர் இப்னு பதூதா. இலங்கையையும், அரபிகள் மஅபர் என்றழைத்த சோழமண்டலக் கரையையும், மதுரையையும் அவர் கண்டார். ஆயினும், நாம் வாசிக்கும் பயண நூலை அவர் தம் கையால் எழுதவில்லை.

சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, ஃபாஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் கிரனடாவைச் சேர்ந்த இளம் அறிஞர் இப்னு ஜுஸய். 1355-இல் அவர் சொல்லி முடித்தார்.

கேட்டதன் உண்மையைத் தாம் ஆராயவில்லை என்று இப்னு ஜுஸய் முன்னுரையிலேயே கூறிவிடுகிறார். தாம் சேர்த்த குறிப்புகள் பலவற்றைத் தம் பெயரிட்டுத் தனியே காட்டுகிறார். எனினும், மக்கா, டமாஸ்கஸ் வருணனைகளில் முன்னோடிப் பயணி இப்னு ஜுபைரின் வரிகள் பெரும்பாலும் பெயரின்றியே கலந்துள்ளன. எது எவர் கண்டது என அறிய ஆய்வாளர்கள் இன்றும் பாடுபடுகின்றனர்.

கப்பலேறி ஹஜ் செய்த பெரியோர் இன்னும் நம் குடும்பங்களில் உள்ளனர். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். கேட்டது எது, தாம் சேர்த்தது எது எனப் பிரித்தே எழுதட்டும். பிறர் சொல்லும் நம்மிடம் ஓர் அமானிதமே.