சைக்கிளை விட்டு இறங்கு!

பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வரும் பெற்றோர்களே! நம் பாட்டன் காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிளில் போகிற தொழிலாளி, எதிரே துரை வந்தால் உடனே இறங்கி நிற்க வேண்டும். துரைக்கு மட்டுமா? கிராணிக்கும் அதே மரியாதைதான். கிராணியும் நம்மைப்போல் கறுப்புத் தோல்காரர்தானே என்று கேட்காதீர்கள். உத்தியோகம் வந்துவிட்டால் தோலையா பார்ப்பார்கள்? இவர்களுக்குக் ‘கறுப்பு ஐரோப்பியர்’ என்று ஒரு பட்டப்பெயரே இருந்தது.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற சம்பளத்தை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்களிடம் முறைதவறி நடப்பதை நிறுத்து, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார்கள். அந்த வரிசையில்தான் சைக்கிளும் இருந்தது: துரை முன்னாலும் கிராணி முன்னாலும் இனி இறங்கமாட்டோம்! காசு கேட்டதைக்கூடப் பொறுத்திருப்பார்கள்; இதைத்தான் பொறுக்கமுடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனமாகி இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். அவனும் சைக்கிளில்தான் வந்தான். துரைமார் பலர் தோட்டத்தைப் போட்டுவிட்டுச் சிங்கப்பூர் பக்கம் ஓடினார்கள்.