லைட்னிங்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் பொருளும்

மின்னலைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'லைட்னிங்' என்னும் சொல், அம்மொழியின் பழைமையான மின்னற்பெயர் அன்று. மூத்த சொற்கள் வழக்கொழிந்த பின்னரே அது நிலைபெற்றது. மத்தேயு நற்செய்தி 24:27ஆம் வசனத்தின் மொழிபெயர்ப்புகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன.

பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அவ்விடத்து நிற்பது 'லீயெட்'. இது தீச்சுடரைக் குறித்த பெயரினின்று பிறந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய விக்லிஃப் வழி மொழிபெயர்ப்பில் அதன் வழிச்சொல்லான 'லெயிட்' வருகிறது. 1526இல் டிண்டேல் 'லைட்னிங்' என்றே எழுதினார். 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் அதனையே கொண்டது. 13ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிய 'லெவின்' என்னும் மற்றொரு சொல் பின்னர்ச் செய்யுள் வழக்காகச் சுருங்கியது. ஸ்காட்டின் 'மார்மியன்' (1808) அதனை ஆள்கிறது.

'லைட்னிங்' என்பது 'ஒளிரச் செய்' எனப் பொருள்படும் 'லைட்டன்' என்னும் வினையோடு 'இங்' விகுதி சேர்ந்த தொழிற்பெயர். இடையிலிருந்த உயிர் கெட, அது மின்னலுக்கே உரிய பெயராயிற்று. தமிழிலும் 'மின்னு' என்னும் வினை 'அல்' விகுதி பெற்று 'மின்னல்' ஆகிறது. இவ்வொற்றுமை பொருள்வளர்ச்சியைச் சார்ந்தது, மொழியுறவுக்குச் சான்றாகாது.

இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாவிடில் நேரும் பிழைக்கு 'லைட்' என்னும் சொல்லே தக்க சான்று. ஆங்கிலத்தில் அவ்வடிவம் ஒளியையும் கனமின்மையையும் குறிக்கும். தமிழ் 'இலகு' என்பதும் ஒளிர்தலையும் கனமின்மையையும் குறிக்கும். இரண்டும் ஒரு மூலத்தன எனத் துணிவது எளிது. ஆயினும் ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு இந்தோ-ஐரோப்பிய வேர்களினின்று வந்து ஒலியால் ஒன்றியவை. தமிழிலோ ஒளிர்தலைக் குறிக்கும் 'இலகு' 'இலங்கு' என்பதனோடு இயைந்த தமிழ் வினை. கனமின்மையைக் குறிப்பது வடமொழி 'லகு' என்பதன் திரிபு. ஆங்கிலத்தின் கனமின்மைச் சொல்லும் வடமொழி 'லகு'வும் ஓரினத்தன. ஆதலின் உறவு அவற்றிடையே அமைகிறதேயன்றி, ஒளிப்பொருள் தரும் இரு சொற்களிடையே அன்று.

ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்திருப்பினும், ஒவ்வொரு சொல்லின் பழைய வடிவத்தையும் அது வந்த வழியையும் தனித்தனியே நிறுவிய பின்னரே உறவு கூறுதல் தகும். சொற்பிறப்பாய்வில் 'லைட்னிங்' உணர்த்தும் நெறி இதுவே.