மோடெனாவில் ஒரு மலக்குழி

17-ஆம் நூற்றாண்டின் கடைசி. இத்தாலியின் மோடெனா ஊரில் பெர்னார்டினோ ராமாசினி என்ற மருத்துவரின் வீட்டு மலக்குழியைச் சுத்தம் பண்ண ஆள் வந்திருக்கிறார். அவர் விழுந்தடித்து வேலை செய்வதைப் பார்த்த ராமாசினி, ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கிறார். நாலு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்று பதில் வருகிறது. மேலே ஏறி வந்தவரின் கண்கள் சிவந்து மங்கிக் கிடக்கின்றன. அதற்கு வைத்தியம்? வீட்டில் இருட்டறையில் அடைந்து கிடப்பது, வெதுவெதுப்பான தண்ணீரில் கண் கழுவுவது. அவ்வளவுதான்.

தொழில் சார்ந்த நோய்களைப் பற்றி 1700-ல் ராமாசினி வெளியிட்ட லத்தீன் நூலுக்கு விதை இந்தப் பேச்சுதான். நோயாளியிடம் என்ன தொழில் என்றும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு குறிப்பு: இந்தத் தொழிலாளிகளின் பையில் இருக்கும் செம்பு, வெள்ளிக் காசுகள் கறுத்துப் போகுமாம். இதைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹைட்ரஜன் சல்பைடு செய்கிற வேலை அது! ஷீலே அந்த வாயுவை ஆராய்ந்து எழுதியது 1777-ல்தான். அதற்கு வெகு முன்பே சாட்சி சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

கழிவு காற்றில்லாமல் அழுகும்போது வரும் வாயு இது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும். நாத்தம் போயிடுச்சு என்று தோன்றும் இடம்தான் பயங்கரமான இடம். 500-ஐத் தாண்டினால் மயக்கம், 1000-ஐ நெருங்கினால் சில மூச்சிலேயே உயிர் போகலாம். காற்றைவிடக் கனம் என்பதால் அடியிலேயே தங்கும். சேற்றைக் கிளறினால் குபுக்கென்று கிளம்பும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் சேர்ந்து விழுவது இதனால்தான். "விஷவாயு தாக்கி இருவர் பலி" என்று நாம் படித்துவிட்டு நகரும் செய்தி.

பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை நம் நாட்டில் 2013 சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது உச்ச நீதிமன்றம், 2014-ல். 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, குழியில் ஆள் இறங்குவது நிற்கவில்லை.

ராமாசினி இதையெல்லாம் தெரிந்துகொண்டது தன் வீட்டுக் குழி ஓரத்தில் நின்று, உயிரோடு இருந்த ஒருவரைக் கேட்டு. அடுத்த முறை உங்கள் வீட்டு செப்டிக் டேங்குக்கு லாரி வரும்போது நீங்களும் பக்கத்தில் போய் நில்லுங்கள். உள்ளே குழாய் மட்டும் இறங்குதா, ஆளும் இறங்குறாரா என்று பாருங்கள். ஆள் இறங்கப் போனால், வேண்டாம்னு சொல்லுங்க.