ஐ.டி.சி. சங்கீத ரிசர்ச் அகாடமி: நிறுவனப் புரவலமும் இசைப் பயிற்சியும்

ஐ.டி.சி. சங்கீத ரிசர்ச் அகாடமி, கொல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதியில் இயங்கும் இந்துஸ்தானி இசைப் பயிற்சி நிலையம். அதே நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.டி.சி. நிறுவனம் 1977-இல் இதைத் தொடங்கியது. நடத்துவதற்கான பணமும் அந்த நிறுவனத்திடமிருந்தே வருகிறது. தொடக்க ஆண்டுகளில் இதை வழிநடத்தியவர் பாடகர் விஜய் கிச்லு. குருமார்கள் வளாகத்திலேயே குடியிருக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் உதவித்தொகை பெற்று அவர்களிடம் குருகுல முறையில் கற்கிறார்கள். நிறுவனம் இசையை ஆதரிக்கத் தொடங்கியது இதற்கும் முன்னால். 1971-லேயே 'சங்கீத சம்மேளனம்' என்ற பெயரில் கச்சேரிகளை நடத்தியது. கச்சேரிக்குப் பணம் கொடுப்பதோடு நின்றுவிடாமல் கற்பவரின் ஆண்டுகளுக்கும் பணம் கொடுக்க முன்வந்ததுதான் இந்த அகாடமியின் சிறப்பு. ஒரு கம்பெனி கலைக்குச் செய்யும் உதவியின் தரத்தை, மேடையில் தெரியும் அதன் பெயரை வைத்து அளக்கக் கூடாது. பயிற்சிக் காலத்தில் அது எவ்வளவு நாள் துணை நிற்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

இந்துஸ்தானி இசைக்கு நெடுங்காலம் சோறு போட்டவை சமஸ்தானங்கள். ராம்பூர்-சஹஸ்வான் கரானாவின் (இசைப் பரம்பரையின்) நிசார் உசேன் கான் பரோடா அரசவைப் பாடகராக இருந்தவர். அரசவைகள் மறைந்த பிறகு வானொலியும் கச்சேரிகளும் தேர்ந்த கலைஞருக்கு ஓரளவு வருமானம் தந்தன. ஆனால் இன்னும் தேர்ச்சி பெறாத மாணவருக்கு, அவர் கற்றுக்கொண்டிருக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு, யார் படியளப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது. அந்த இடத்தைத்தான் அகாடமி நிரப்பியது. நிசார் உசேன் கான் குருவாக அங்கே வந்தபோது, பேரன் முறையான ரஷீத் கானும் சிறுவனாக உடன் வந்தார். விடியற்காலை நான்கு மணிக்குச் சுர சாதகம் தொடங்கும் என்றும், ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு முழு நாளும் கழிந்ததுண்டு என்றும் அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்லப்படுகிறது. ஒற்றைச் சுரத்தில் கழிந்த நாளுக்கு டிக்கெட் விற்க முடியாது. அதன் பின்னால் விளம்பரப் பலகை வைக்கவும் முடியாது. பின்னாளில் பாடகராகப் பெயர்பெற்ற ரஷீத் கானின் விளம்பித (மெதுநடை) கயாலில் கேட்ட நிதானம் அத்தகைய நாட்களின் விளைச்சல். மாணவராகச் சேர்ந்த பாடகர் அஜய் சக்கரவர்த்தி பின்னர் அங்கேயே குருவானதும் இதே பயிரின் அடுத்த போகம்.

இந்திய நிறுவனச் சட்டமும் விளம்பரத்தையும் கொடையையும் வெவ்வேறாகவே பார்க்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பசி ஒழிப்பு, கல்வி, மருத்துவம் ஆகியவை இடம்பெறும் அதே பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் உள்ளன. பசித்தவர் இருக்கும் நாட்டில் பாட்டுக்குப் பணமா என்று கேட்போருக்கு இந்தப் பட்டியலே ஒரு பதில்: ஓர் ஊரின் நலம் என்பதில் வயிறும் உண்டு, செவியும் உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட விதிகள், தன் பொருளுக்குச் சந்தைப் பயன் தேடி ஒரு நிறுவனம் அளிக்கும் ஸ்பான்சர்ஷிப்பை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகவே விலக்குகின்றன.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1910-இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் பிறந்தது ஐ.டி.சி.; இன்று காகிதம், உணவுப்பொருள் எனப் பல துறைகளில் கிளைத்திருந்தாலும் சிகரெட் அதன் பெரிய தொழில். புகையிலையில் வந்த பணம் இசையின் வழியே நற்பெயர் தேடுகிறது என்பது மறுப்பாளர் வாதம். புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்யும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளும் மீறக் கூடாது என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2016-இல் சுற்றறிக்கை விட்டது. எனவே இந்தக் கவலை வெறும் ஐயம் அல்ல. நுரையீரலுக்கு நேர்ந்த கேட்டை எந்த ராகமும் ஈடுசெய்யாது. அந்தக் கணக்கை வரியும் தடையும் எச்சரிக்கைப் படமும் கொண்டு தனியாகத்தான் தீர்க்க வேண்டும். ஆனால் மறுப்பு தாக்குவது பெயரைத்தான், பயிற்சியை அல்ல. பெயர் எவ்வளவு பின்னுக்குப் போகிறதோ அவ்வளவு தூய்மை பெறும் கொடை இது. மாணவரின் உதவித்தொகையை நிறுத்தினால் புகைப்பவர் எவரும் குறையப் போவதில்லை.

இயக்குநர்களின் மனம் மாறினால் கலை அநாதையாகிவிடாதா என்பது இன்னொரு கேள்வி. சமஸ்தானமும் அப்படித்தான் ஒருநாள் கைவிட்டது. என்றைக்கும் நிலைக்கும் புரவலர் எவரும் இல்லாததால்தான், திரும்பப் பெற முடியாத வகையில் கொடுப்பது முக்கியமாகிறது. மேடைக்குக் கொடுத்தது அன்றிரவோடு முடியும். குரலில் ஏறியதை எந்த இயக்குநர் குழுவாலும் பறிக்க முடியாது. இந்த நோக்கில் இன்றைய சமூகப் பொறுப்பு விதிகளில் ஒரு குறை தெரிகிறது. 'தொடர் திட்டம்' என்று அவை ஏற்பது, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். பாலம் கட்டவும் பள்ளிக்கூடம் எழுப்பவும் அது போதும். கயால் பாடகர் ஒருவர் உருவாக அதைப் போல மூன்று நான்கு மடங்கு காலம் வேண்டும். பாரம்பரியக் கலைப் பயிற்சிக்கு இந்த வரம்பை நீட்டித்தால், மற்ற ஊர்களின் நிறுவனங்களும் தங்கள் வட்டாரக் கலைக்கு டாலிகஞ்சில் நடந்ததைச் செய்ய வழி பிறக்கும்.