சுர்தோ இல்லாத சாம்பா

மூன்று வாரமாக, இரவு பதினோரு மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். ரியோ டி ஜெனிரோ கார்னிவலில் இருநூற்றைம்பது, முந்நூறு பேர் சேர்ந்து அடிக்கும் சாம்பா தாளத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் வேலை. மென்பொருளோடு வந்த தாள ஒலிகளை வைத்துத் தொடங்கினேன். கணக்கெல்லாம் சரியாக இருந்தது. ஒருநாள் மனைவி ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா யாரும் வாசிக்கிற மாதிரி இல்லையே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

பிழை தேடுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. முதலில் ஒலிப் பட்டியலைச் சந்தேகப்பட்டேன்.

மின்னணு இசைக்கருவிகளுக்கான ஜெனரல் மிடி என்ற பொதுத் தரம் 1991இல் வந்தது. எந்த எண்ணுக்கு எந்தத் தாளக்கருவி ஒலிக்கவேண்டும் என்று அதில் ஒரு அட்டவணை உண்டு. 35 முதல் 81 வரை, மொத்தம் 47 ஒலிகள். பிரேசிலுக்கு அதில் நல்ல இடம்தான். அகோகோ என்ற இரட்டை மணிக்கு இரண்டு எண், விசிலுக்கு இரண்டு, குயீக்காவுக்கு இரண்டு. குயீக்காவின் தோலில் உள்பக்கமாக ஒரு மெல்லிய குச்சி பொருத்தியிருக்கும். ஈரத்துணியால் அதை உருவினால் முனகல், சிரிப்பு, அழுகை எல்லாம் வரும். கேட்டவர் யாரும் மறக்கமாட்டார்கள்.

ஆனால் சுர்தோ இல்லை.

சாம்பாவைத் தாங்கி நிற்பதே சுர்தோதான். இடுப்பில் தொங்கவிட்டு அடிக்கும் பெரிய உருளை மேளம். முதல் சுர்தோ மிகக் கனமான குரலில் இரண்டாவது எண்ணிக்கையில் விழும். இரண்டாம் சுர்தோ கொஞ்சம் மேலான சுருதியில் முதல் எண்ணிக்கையில் பதில் சொல்லும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் வெட்டி வெட்டிப் பேசும். மற்ற கருவிகள் எல்லாம் இந்தத் தரைமேல்தான் நடக்கின்றன. 1999இல் வந்த இரண்டாம் பட்டியலில்தான் 86, 87 என்ற எண்களில் சுர்தோ இடம்பெற்றது. என் மென்பொருளில் இருந்தது பழைய பட்டியல். நானும் ஏதோ ஒரு டாம் டிரம்மை வைத்து ஒப்பேற்றியிருந்தேன்.

வேறு சுர்தோ சாம்பிள்களைத் தேடப் போனவன் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். சாம்பாவிலிருந்து மேளம் விடுபட்டது இது முதல் தடவை இல்லை.

பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888இல். விடுதலையானவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகப் பலர் பாயியா மாநிலத்திலிருந்து வேலை தேடி ரியோவுக்கு வந்து, துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் குடியேறினார்கள். 1890இல் வந்த குற்றவியல் சட்டம் வேலையில்லாமல் திரிவதையும் கபோயிராவையும் குற்றமாக்கியது. கையில் பாண்டெய்ரோ இருந்தாலே போலீஸ் பிடிக்கும் காலம் அது. பாண்டெய்ரோ நம் கஞ்சிராவுக்குப் பெரியண்ணன் மாதிரி. ஜோவாவ் ட பாயானா என்ற கலைஞரின் பாண்டெய்ரோவை 1908இல் போலீஸ் பறித்துக்கொண்டதாம். அதைக் கேள்விப்பட்ட பின்யேரோ மஷாடு என்ற செனட்டர், தன் பாராட்டு பொறித்த புதிய பாண்டெய்ரோவை அவருக்குக் கொடுத்தாராம். சாம்பா வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. செனட்டரின் கையெழுத்துதான் அந்த மேளத்துக்கு லைசென்ஸ்.

செனட்டர் தெரியாதவர்களுக்கு வீட்டுக் கொல்லைப்புறம் இருந்தது. ப்ராசா ஓன்ஸே பகுதியில் சியாட்டா அத்தையின் வீடு அப்படிப்பட்டது. முன்கூடத்தில் கௌரவமான இசை நடக்கும். பின்கட்டில் கைதட்டலும் மேளமுமாக சாம்பா நடக்கும். அந்த வட்டத்தில் உருவான 'பெலோ டெலிஃபோன்' பாட்டை டோங்கா 1916இல் தேசிய நூலகத்தில் தன் பெயரில் பதிவு செய்தார். பலர் சேர்ந்து கட்டிய பாட்டு என்று அப்போதே சண்டை வந்தது. 1917 கார்னிவலில் அந்த இசைத்தட்டு பெரிய வெற்றி. அதைக் கேட்டால் பாடகர் இருக்கிறார், நரம்புக் கருவிகள் இருக்கின்றன. பின்கட்டின் மேளம் இல்லை. அன்றைய ஒலிப்பதிவில் மைக் கிடையாது. ஒரு புனல் முன்னால் நின்று பாடவேண்டும். அந்தக் காற்றின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். பெரிய மேளத்தை ஓங்கி அடித்தால் ஊசி தாறுமாறாகப் போய்விடும். ஆழ்ந்த ஒலிகளோ சரியாகப் பதிவாகவே ஆகாது. முதலில் போலீஸ் மேளத்தைப் பறித்தது. பிறகு இயந்திரம் அதை வாசலிலேயே நிறுத்தியது.

1928இல் எஸ்தாசியோ பகுதி இளைஞர்கள் 'தெய்ஷா ஃபலார்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 'பேசுறவன் பேசட்டும்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். பழைய சாம்பா அறைக்குள் ஆடத் தோதானது, தெருவில் நடந்துகொண்டே ஆட உதவாது என்பது அவர்களில் ஒருவரான இஸ்மாயெல் சில்வாவின் வாதம். நீண்ட ஊர்வலத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு அடி வேண்டும். இருபது கிலோ வெண்ணெய் டப்பாவை எடுத்து அதற்கு வாய் கட்டி பிடே என்பவர் சுர்தோவைச் செய்தார் என்று சொல்கிறார்கள். கடையில் விலைக்கு வாங்க வழியில்லாதவர்கள் குப்பையிலிருந்து செய்துகொண்ட கருவி!

பிரேசிலுக்கு மைக் வழியான மின் ஒலிப்பதிவு 1927இல் வந்தது. 1929இன் கடைசியில் அல்மிரான்டி என்ற பாடகர் 'நா பாவுனா' பாட்டுக்காகத் தெரு மேளக்காரர்களை ஸ்டூடியோவுக்குள் அழைத்துப்போனார். ஒலிப்பதிவு ஆட்கள் பயந்தார்கள், தடுத்தார்கள் என்பார்கள். பாட்டு 1930 கார்னிவலில் ஓடியது. அதற்குப் பிறகுதான் சாம்பா தட்டுகளுக்குள் மேளம் உரிமையோடு நுழைந்தது.

இவ்வளவும் படித்தபின் மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன். நல்ல சுர்தோ சாம்பிள் கிடைத்தது. ஒரு ஆள் போதாது என்று அதையே பன்னிரண்டு தடவை காப்பி செய்தேன். பன்னிரண்டு பேர் வரவில்லை. அதே ஒருவர் கிட்டத்தட்ட 22 டெசிபல் அதிக சத்தத்தில் வந்தார். ஒரே அலையை அதன்மேலேயே அடுக்கினால் வேறென்ன வரும்?

அடுத்த சிக்கல் நேரம். திரையில் கட்டங்கள் சம அளவு. நிமிடத்துக்கு 130 எண்ணிக்கை வேகத்தில் கால் எண்ணிக்கை ஒன்றுக்குச் சுமார் 115 மில்லிசெகண்ட். 1980இல் ரோஜர் லின் வெளியிட்ட எல்எம்-1 தாள இயந்திரத்தில், அடிகளைக் கட்டத்துக்கு இழுக்கும் வசதியும் 'ஸ்விங்' போல அசைக்கும் வசதியும் இருந்தன. இன்று எல்லா மென்பொருளிலும் அது இருக்கிறது. ஆனால் ஸ்விங் இரண்டாவது, நாலாவது கால்களைத் தாமதமாக்கும். சாம்பாவில் நடப்பது வேறு. மூன்றாவதும் நாலாவதும் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். அடுத்த எண்ணிக்கையை நோக்கிக் கால் தானாகப் போவது அதனால்தான். ஸ்விங்கைத் திருகத் திருக நான் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தேன்.

அதனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆட்களாக யோசித்தேன். பன்னிரண்டு சுர்தோவுக்கும் பன்னிரண்டு தடம். ஒவ்வொன்றுக்கும் வேறு சாம்பிள், சுருதியில் மயிரிழை வித்தியாசம். ஒருவர் கொஞ்சம் முந்துவார், ஒருவர் கை சோர்ந்தவர். பாண்டெய்ரோவை மென்பொருளில் எழுதாமல், சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிப் பதிவு செய்து, என் விரல் விழுந்த நேரத்தையே வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. ரியோவின் ஒவ்வொரு சாம்பா பள்ளியின் மேளக் குழுவுக்கும் தனி அடையாளம் உண்டு. 1928இல் தொடங்கிய மாங்கெய்ராவில் பதில் சொல்லும் இரண்டாம் சுர்தோ கிடையாது. முதல் எண்ணிக்கை காலியாக நிற்கும், இரண்டாவதில் கனமான அடி விழும். கேட்டதுமே எந்தப் பள்ளி என்று ரியோக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். 'உண்மையான சாம்பா ஒலி' என்று ஒற்றை ஃபைலைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு இது உறைத்தது. ஒரு பேட்டையின் ஒலிதான் இருக்கிறது. நான் மாங்கெய்ராவைத் தேர்ந்தெடுத்து இரண்டாம் சுர்தோவை நீக்கினேன். 1917இல் விடுபட்டது போல இல்லை இது. அந்த இடத்தை அவர்களே காலியாக விட்டிருக்கிறார்கள்.

மனைவி மறுபடி கேட்டாள். கால் லேசாக ஆடியது. "அந்த விசில் மட்டும் ரொம்ப கத்துது" என்றாள். பட்டியலில் 72ஆம் எண். குறைத்துவிட்டேன்.