கறி தின்னு தள்ளாடிய நாய்கள்

கல்லீரல் கெட்டா மூளை ஏன் குழம்புதுன்னு மனுஷனுக்குத் துப்பு கொடுத்தது நாய்கள்தாங்க. 1877-ல ரஷ்யாவுல நிக்கலாய் எக்-னு ஒரு டாக்டர். குடல்லேர்ந்து கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாயை, இதயத்துக்குப் போற பெரிய குழாயோட நேரடியா இணைச்சுட்டார். நம்ம பாஷைல சொன்னா ஃபயர்வாலை பைபாஸ் பண்ணிட்டார். எட்டு நாய்ல ஒண்ணுதான் ரெண்டு மாசம் தாண்டுச்சு. அதுவும் லேப்லேர்ந்து ஓடிப்போச்சு :-)

1893-ல பாவ்லோவ் குழு (ஆமா, எச்சில் ஆராய்ச்சி பாவ்லோவேதான்) திரும்பச் செஞ்சு பார்த்தாங்க. கறி தின்ன நாய்களுக்குத் தள்ளாட்டம், பார்வை போறது, வலிப்பு, கடைசில கோமா. முக்கிய வில்லன் அம்மோனியா. குடல்ல உருவாகுற அதை யூரியாவா மாத்துறது கல்லீரல் வேலை. மாத்தலேன்னா நேரா மூளைக்குத்தான்.

1966-ல லாக்டுலோஸ் வந்துச்சு. சாதாரண பேதி மருந்துதான், ஆனா அம்மோனியாவையும் சேர்த்து வெளியேத்திடும்.

எங்க பெரியப்பா ஒரு சொட்டு குடிக்காதவர். ராத்திரி முழிப்பு, பகல்ல தூக்கம், நாக்கு குழறல். "ரகசியமா தண்ணி போடுறார்"னு வீட்டுலயே பேசி ரெண்டு வாரம் ஓட்டிட்டாங்க. ஆஸ்பத்திரில இந்த சிரப்பைக் கொடுத்து, வயிறு நல்லா போன மூணாம் நாள், பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.