டாம் வில்ஸ்: விதி எழுதியவரின் விதி

மெல்பர்னில் போய் ஃபுட்பால் என்று சொன்னால் அது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், கையில் பிடித்துக்கொண்டு ஓடவும் செய்யலாம். இந்த ஆட்டத்தின் ஆரம்பத்தைத் தேடினால் முதலில் வந்து நிற்கும் பெயர் டாம் வில்ஸ்.

1835-ல் பிறந்தவர். அப்பா ஹொரேஷியோ மேற்கு விக்டோரியாவில் பெரிய ஆட்டுப் பண்ணை வைத்திருந்தார். சுற்றிலும் ஜாப்வுரங் பழங்குடி மக்கள். பையன் அவங்க பிள்ளைகளோடு விளையாடி அவங்க மொழியையும் கற்றுக்கொண்டான். 14 வயதில் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே கிரிக்கெட் கேப்டன் ஆனார். படிப்பு மட்டும் ஏறவில்லை.

1856 கடைசியில் ஊர் திரும்பினார். 1858 ஜூலை 10-ல் ஒரு பத்திரிகையில் அவர் கடிதம் வந்தது. குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கலாமே, இல்லாட்டி துப்பாக்கி சுடும் கிளப்பாவது! அடுத்த மே மாதம் மெல்பர்ன் கிளப்காரர்கள் உட்கார்ந்து பத்து விதிகள் எழுதினார்கள். ரக்பி விதிகளையே வைத்துக்கலாம் என்றாராம் வில்ஸ்; அவரைத் தவிர யாருக்கும் அது புரியவில்லை என்று கூட இருந்த ஹாமர்ஸ்லி பின்னாளில் எழுதினார். எதிராளியின் காலை உதைக்கக்கூடாது என்று முடிவானது. ஆஃப்சைட் விதியே இல்லை. வில்ஸ் மெல்பர்னுக்கும் பிறகு ஜீலாங்குக்கும் ஆடினார், தலைமையும் தாங்கினார்.

நடுவில் வந்தது 1861. குடும்பம் குவீன்ஸ்லாந்தில் கலின்-லா-ரிங்கோ என்ற இடத்தில் புதுப் பண்ணை போட்டது. அக்டோபர் 17-ல் பழங்குடியினர் தாக்கியதில் ஹொரேஷியோ உட்பட 19 பேர் செத்தார்கள். சாமான் வாங்கப் போயிருந்ததால் டாம் தப்பினார். பதிலுக்கு வெள்ளையர்கள் கொன்ற பழங்குடியினர் அதைவிடப் பல மடங்கு.

இதுக்கப்புறம்தான் என்னை யோசிக்க வைக்கும் விஷயம். ஐந்தே வருஷத்தில் அதே மனுஷர் ஒரு பழங்குடிக் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி கொடுத்து, 1866 டிசம்பர் 26-ல் மெல்பர்ன் மைதானத்தில் கேப்டனாக இறங்குகிறார். மன்னிப்பா, பிழைப்பா, சின்ன வயசுப் பழக்கமா? அவர் விளக்கம் எழுதி வைக்கவில்லை. பழங்குடியினரின் மார்ன்க்ரூக் பந்தாட்டத்திலிருந்துதான் ஃபுட்பால் வந்தது என்று ஒரு வாதமும் இருக்கு. பிள்ளைப் பருவத்தில் அவர் அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பத்து விதிகளில் அதற்குத் தடயம் இல்லை. அப்படியொரு தொடர்பு இருக்கணும்னு நமக்கு ஆசை இருப்பது வேறு, சான்று இருப்பது வேறு.

கடைசிக் காலம் குடியில் போனது. 1880 மே 2-ல் 44 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 'ஃபுட்பாலின் தந்தை' பட்டம் அவருடைய உறவினர் ஹாரிசனுக்குப் போனது. வில்ஸின் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் வர 1980 ஆனது.